நானே கேட்ட சீட்டு

எங்கள் படகு வெண்கலம் வாங்கியபோது நான் நான்கு ஜோடி செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருந்தேன். துடுப்புப் போட்டியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படகில் ஏறுவார்கள். பதக்கம் வாங்கினால் இறங்குகிற மேடை வேறு. செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு அந்த மேடைக்கு ஓடுவது, படகில் இடம் கிடைக்காத உபரி ஆளின் வேலை. பல நாடுகள் கூடிய அவ்வளவு பெரிய விளையாட்டு விழாவில் நாட்டுக்காக நான் செய்த சேவை அதுதான்.

நான் கோட்டைக்குப்பத்துக்காரன். பழவேற்காடு ஏரியில் நின்றுகொண்டு கோல் போட்டுப் படகு தள்ளியவன். ராணுவத்தில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஓர் அதிகாரி என் தோளைப் பார்த்துவிட்டுத் துடுப்புப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எங்கே போகிறோம் என்று பார்க்காமலே படகு ஓட்டுவதா என்று முதல் வாரம் சிரிப்பாக வந்தது. பழகிவிட்டேன். ஏழு வருடம் வேறு எதையும் நினைக்கவில்லை. கல்யாணத்தைக்கூட இரண்டு தடவை தள்ளிப்போட்டேன்.

கடைசி முகாமுக்கு ஒரு டச்சுக்காரரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவருடைய ஆட்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றனவாம், கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறதாம், நான் பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். பார்க்காமல் என்ன, அதன் சுவரோரமாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். செத்தவர்களைப் பற்றி அவர் நிறையவே கேட்டார். உயிரோடு இருக்கிற நாங்கள் என்ன செய்து பிழைக்கிறோம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பாடு பற்றிச் சொல்லியிருப்பேன்.

ஏரியில் இறால் படுகிற இடமெல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஓர் இடத்தில் வலை கிழிகிற அளவுக்கு விழும், இன்னோர் இடத்தில் பாசிதான் வரும். அதனால் யாருக்கு எந்த இடம் என்று கோயில் முன்னால் சீட்டுப் போடுவோம். அதற்குப் பெயர் பாடு. கெட்டிக்காரனும் சோம்பேறியும் அதில் ஒன்று. மோசமான இடம் விழுந்தால் முகத்தைச் சுளிக்கக் கூடாது. என் நைனா பல வருடம் அந்தச் சீட்டைக் குலுக்கியவர். சீட்டுக்கு மிஞ்சின நியாயம் இல்லை என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

போட்டிக்கு முந்தின வாரம் படகின் நான்காவது இருக்கைக்கு இரண்டு பேர் மிஞ்சினோம். நானும் ஒரு ராஜஸ்தான்காரனும். பாலைவனத்தில் பிறந்து, பட்டாளத்துக்கு வந்த பிறகு நீச்சல் கற்றவன். நல்லவன், பலசாலி. எங்களை மாற்றி மாற்றி உட்காரவைத்து மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே நேரம்தான் வந்தது. மறுநாள் சொல்கிறேன் என்றார் பயிற்சியாளர். அந்த ஒரு நாள் முழுக்க நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

மறுநாள் காலை அவர் காகிதத்தோடு வந்து வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், சீட்டுப் போட்டுவிடுங்கள்" என்றேன்.

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ உண்மையாகவே அதைத்தான் விரும்புகிறாயா?" என்றார்.

"ஆமாம் சார். அதுதான் நியாயம்."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். தொப்பியில் இரண்டு துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார். ராஜஸ்தான்காரன் பெயர் வந்தது. நான்தான் முதலில் கை தட்டினேன். ஊர்ப் பழக்கம். அறைக்குத் திரும்பி வரும் வழியில்தான் புத்தியில் உறைத்தது. ஏரியில் இன்றைக்கு மோசமான இடம் விழுந்தால் இன்னொரு நாள் நல்ல இடம் சுற்றி வரும். அதனால்தான் அங்கே சிரித்துக்கொண்டு போக முடிகிறது. இங்கே எனக்கு இருபத்தொன்பது வயது. அடுத்த சுற்று என்று ஒன்று கிடையாது.

இறுதிப் போட்டி இரண்டு நிமிடம் போலவும் இருந்தது, ஒரு பகல் போலவும் இருந்தது. கடைசி ஐந்நூறு மீட்டரில் நம்மவர்கள் ஒரு படகைத் தாண்டி மூன்றாவதாக வந்தார்கள். கத்தினேன். அழுதேன். சந்தோஷம் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். நம் படகு தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவன் நான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உபரி ஆளுக்குப் பதக்கம் இல்லை. ராஜஸ்தான்காரன் தன் பதக்கத்தை என் கழுத்தில் போட வந்தான். செருப்பை அவன் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

திரும்பும்போது விமான நிலையத்தில் பயிற்சியாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்றைக்குக் காகிதத்தில் உன் பெயரைத்தான் எழுதிக்கொண்டு வந்தேன்" என்றார். "கரடுமுரடான தண்ணீரில் நீ அவனைவிடக் கெட்டிக்காரன். ஆனால் நீயே சீட்டுக் கேட்டாய். உனக்கே உன்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்தேன். நம்பிக்கை இல்லாதவனை நானாக எப்படி உட்காரவைப்பது? சீட்டுக்கே விட்டுவிட்டேன்."

எங்கள் ஊரில் சீட்டுக் கேட்பது பயந்தவன் வேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் இங்கிலீஷ் அவ்வளவு தூரம் வரவில்லை. சொல்லித்தான் என்ன? அவர் மேல் வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சென்னை வரை வந்தேன்.

வீட்டில் நைனா வலையில் பாசி பிய்த்துக்கொண்டிருந்தார். சீட்டுப் போட்ட கதையைச் சொன்னேன்.

"அவனுக்கு வுழுந்துச்சி, அவன் போனான். இதுல இன்னாடா கீது?" என்றார். "நல்லாத்தான் பண்ணிக்கீற. ஊரு பேர காப்பாத்திட்ட."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயிற்சியாளர் சொன்னதையும் சொன்னேன்.

நைனாவின் கை நின்றது. "உன் பேருதான் எய்தி வச்சிருந்தானா?"

"ஆமா நைனா."

"உன்னதான் ஏத்தறதா இருந்தானா?"

"ஆமா."

வலையைத் தூக்கி எறிந்தார். "அப்போ வாய மூடிகினு கெடந்தா இன்னாடா, பேமானி? சீட்டு கேட்டானாம் சீட்டு! உன்ன எவன்டா கேக்க சொன்னது?"

பயிற்சியாளர் மேல் இருந்த ஆத்திரம் அந்த இடத்திலேயே விட்டுப்போயிற்று. அவருக்கு எங்கள் நியாயம் தெரியாது. நைனாவுக்குத் தெரியும் என்று நம்பித்தான் நான் அந்தப் படகில் என் இடத்தைச் சீட்டுக்கு விட்டேன்.