டோஃபுக்காரன் மனைவியும் காதலர் படமும்

எடோ நகரத்து டோஃபு வியாபாரி தொமேகிச்சி, யோஷிவாரா என்ற தாசிகள் பேட்டையில் இருந்த ஹனாசோமே என்பவளோடு சேர்த்து இடுப்பைக் கட்டிக்கொண்டு சுமிதா ஆற்றில் குதித்தபோது, அவன் மனைவி ஒமினே சோயா ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜோடியாகச் சாகிறவர்களுக்கு அடக்கமோ சடங்கோ கிடையாது என்பது அரசாங்க உத்தரவு. உடலைக் கேட்கப் போனவளை அதிகாரியின் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, ஊறிய சோயாவை அரைத்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

இருபது நாள் கழித்து, பக்கத்து வீட்டு ஒகானே ஒரு மரக்கட்டை அச்சுப் படத்தை அங்கிக் கைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். ஒரே குடைக்கடியில் இருவர். ஆண் மெலிந்து, வெளுத்து, அழகாக இருந்தான்.

"யாரு அக்கா இது?"

"உன் புருஷன்தான்டி!"

"அவருக்கு மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பாச்சே."

"தழும்பைப் போட்டா எவ வாங்குவா?"

அதற்குப்பின் கடையில் கூட்டம். இளம்பெண்கள் டோஃபு வாங்குகிற சாக்கில் அவள் முகத்தைப் பார்த்தார்கள். "இவளா? அப்ப அவன் போனதுல தப்பில்ல" என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். ஒமினே அவளுக்கும் டோஃபுவை உடையாமல் எடுத்துக் கொடுத்தாள்.

படம் போட்ட கடையிலிருந்தும் ஓர் ஆள் வந்தான்.

"இன்னொரு படம் போடறோம்மா. அன்னைக்கு அவர் என்ன உடுத்தியிருந்தார்?"

"நீலக் கோடு போட்டது. இடது முழங்கைல ஒட்டு. நான்தான் தெச்சேன்."

"அந்தப் பொண்ணப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

"டோஃபு வேணுமா, வேணாமா?"

இரண்டு வாங்கிக்கொண்டு போனான். புதுப் படத்தில் கோடு இருந்தது, ஒட்டு இல்லை.

"அந்த ஹனாசோமே பாவம்டி. ஏழு வயசுல வித்துட்டாங்களாம்" என்றாள் ஒகானே. ஒமினேவுக்குக் கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை.

சாம்பலோ, செத்தவர் பெயர் எழுதிக் கும்பிடும் பலகையோ இல்லாத வீட்டில் எதன் முன்னால் அவனுக்குச் சோறு வைப்பது? ஒகானே கொண்டுவந்த படத்தையே வைத்தாள். படத்திலிருந்து அந்தப் பெண்ணை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று கத்தியோடு உட்கார்ந்தாள். அவன் கை அவள் அங்கிக் கைக்குள் இருந்தது. எங்கே வெட்டினாலும் அவனும் குறைந்துபோவான். கத்தியைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலை படத்தின் முன் இரண்டு சோற்றுக் கிண்ணங்கள் இருந்தன.

"அவளுக்குமாடி?" என்று ஒகானே வாயைப் பிளந்தாள்.

"பக்கத்துலயே நிக்கிறாளே, என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு ஒமினே கடையைத் திறக்கப் போனாள்.