சனிக்கிழமை மட்டும் வெளியூர்

மாடத்தி அதுவரை எந்த ஊருக்கும் திட்டம் போட்டுப் போனவள் இல்லை. இருக்கங்குடி போகவேண்டுமென்றால் விடிய எழுந்து சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள், ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டுப் பொழுது சாய வீடு வந்து சேருவாள், அம்புட்டுத்தான். மகள் பாண்டிச்செல்வி அப்படியே நேர்மாறு. ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் என்கிற ஊரில் ரெண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஜூலையில் அம்மாவை வரவழைத்து, தானும் லீவு போட்டு, வியாழன் முதல் திங்கள் வரை அஞ்சு நாள் ஊர் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. எத்தனை மணிக்கு எங்கே நிற்கவேண்டும், எங்கே சாப்பிடவேண்டும் என்பதுவரை எழுதி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள்.

மாடத்தி அதை எம். புதுப்பட்டியில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துத் தாளாக எடுத்துக்கொண்டாள். அஞ்சாப்புப் படிப்பு, எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். வியாழக்கிழமை ஆற்றங்கரை, பெரிய கோயில், கல்லில் கட்டின பழைய பாலம். வெள்ளிக்கிழமை மலைமேல் இருக்கிற இடிந்த கோட்டை. அதற்குள் ஒரு வீடு அளவுக்கு மரப்பீப்பாய் இருக்கிறதாம், அந்தக் காலத்தில் ராசா அதில் ஒயின் நிரப்பி வைத்திருந்தானாம். குடிகாரப் பய எந்தச் சீமையிலும் உண்டு போல என்று மாடத்தி தனக்குள் சொல்லிக்கொண்டாள். காலேஜ் பையன்கள் சேட்டை பண்ணினால் அடைத்துப்போடுகிற ஜெயிலும் உண்டாம், அதையும் பார்க்கவேண்டுமாம். சனிக்கிழமை மட்டும் ரயிலேறி ஸ்பையர் என்கிற வேறு ஊர். அங்கே கோயில் பார்த்து, சிநேகிதி வீட்டில் படுத்திருந்து, ஞாயிறு காலையில் திரும்புவது. திங்கள்கிழமை ஆற்றுக்கு அக்கரையில் மலைப்பாதையில் நடை.

தாளின் கடைசியில் ஒரு பட்டியல். அதை வாசித்ததும் மாடத்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டாசுக் கம்பெனிக்குக் கொண்டுபோகிற பை கூடாது, அங்கே கட்டுகிற சேலை கூடாது, செருப்பு கூடாது, எல்லாம் புதுசாக வாங்கவேண்டும். பத்து நாளைக்கு முன்னாடியே வேலையை நிப்பாட்டிவிடவேண்டும். ஏர்போர்ட்டில் துணியால் கையைத் துடைத்து மிஷினில் வைத்துப் பார்ப்பார்களாம், பட்டாசு மருந்து கொஞ்சம் இருந்தாலும் மிஷின் கத்திவிடுமாம். இருபத்தாறு வருஷமாக வானத்தில் போய் வெடிக்கிற ஷாட் பெட்டிக்குத் திரி செருகுகிறவள் அவள். இவளை நர்சுக்குப் படிக்கவைத்ததே இந்தக் கைதானே, இதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா போகமுடியும் என்று பக்கத்து இருக்கை யோகேஸ்வரியிடம் கம்பெனி வேனில் புலம்பித் தீர்த்தாள்.

ஃபோர்மேன் சங்கையா லீவு கொடுக்க ஏகத்துக்கும் பிகு பண்ணினார். ஜூலையில்தான் ஆர்டர் வந்து குவியும், அப்போது போய்ச் சீமைக்குப் போறேன்னா எப்படி என்றார். பிறகு, கவர்னர் மாதிரிப் போய்ட்டு வாங்க, வரும்போது ஒரு நல்ல வாட்ச் மட்டும் வாங்கிட்டு வாங்க என்று கேலி பேசிக் கையெழுத்துப் போட்டார். அதோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் மாடத்தி நினைத்தாள்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் கொடுத்துவிட்டு, வேலை விட்டு வரும்போதுதான் கையில் வாங்கவேண்டும். மறுநாள் சாயங்காலம் வேனில் ஏறினதும் யோகேஸ்வரி அந்த ஊர்ப் பேரைப் போட்டுத் தேடி ஒரு வீடியோவை எடுத்துவிட்டாள். கோட்டை முழுக்கச் செவ்வெளிச்சம், பற்றி எரிகிறமாதிரி. பிறகு பழைய பாலத்தின் மேலேயும் ஆற்றின் மேலேயும் வாணம் வாணமாக விரிந்தது. கரையெல்லாம் ஜனம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எதிரிப்படை வந்து அந்தக் கோட்டையைக் கொளுத்திவிட்டதாம், அதை நினைத்து வருஷாவருஷம் விடுகிற வேட்டாம்.

"எரிஞ்ச கோட்டைக்கு வேட்டு விட்டுக் கும்புடுறாகளேக்கா" என்றாள் யோகேஸ்வரி. கீழே போட்டிருந்த இந்த வருஷத் தேதியையும் வாசித்தாள். ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை.

மாடத்தி தாளைப் பிரித்துப் பார்த்தாள். ஸ்பையருக்குப் போகிற சனிக்கிழமையும் அதே பன்னிரண்டுதான். ஊரே ஆற்றங்கரையில் கூடுகிற அந்த ஒரு நாளைத்தான் மகள் பொறுக்கியெடுத்து வெளியூருக்குப் போட்டிருக்கிறாள்.

அது ஏன் என்று மாடத்திக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அவள் புருஷன் பாண்டி வேறொரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தவன். பச்சை விழுகிற மருந்து கலப்பதில் கெட்டிக்காரன் என்று பேரெடுத்தவன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மத்தியானம் மருந்து கலக்குகிற ஷெட் வெடித்து அதோடு போய்விட்டான். பதினோரு வயசுச் செல்வி பள்ளிக்கூட மைதானத்தில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது அப்பாவுடையது என்று தெரியாமலே. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தீபாவளி இல்லை. செல்வி பயப்படுவாளே என்று மாடத்தி கதவைச் சாத்துவாள். அம்மா அழுவாளே என்று செல்வி டிவிச் சத்தத்தைக் கூட்டிவைப்பாள். அதற்கு முன்னால்தான் மாடத்தி என்ன பெரிசாக வேட்டுப் பார்த்துவிட்டாள்? சீசன் முடிகிறவரை வேலை, தீபாவளியன்று அடித்துப்போட்ட தூக்கம். பாண்டியின் பச்சையெல்லாம் லோடு லோடாக வடக்கே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வி போன் பண்ணினாள். மாடத்தி சுற்றி வளைக்காமல் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டாள். வேட்டு இருப்பதை ஏன் மறைத்தாய் என்று கொஞ்சம் சத்தம்கூடப் போட்டாள். உனக்கு ஆகாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று மகள் மெதுவாகச் சொன்னாள். மாடத்தி அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"போன வருசம் அன்னைக்கு நீ எங்கன இருந்த?"

"நைட் டூட்டி கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"அதுக்கு முந்தின வருசம்?"

"அப்பவும் டூட்டிதான்மா. வேட்டுச் சத்தம் கேட்டதும் வார்டு ஜன்னலையெல்லாம் சாத்திட்டு, அது முடியுற வரைக்கும் பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டேன்."

மாடத்திக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்கு ஆகாது என்று பிள்ளை சொன்னது பிள்ளைக்கே ஆகாததுதான். ஏழு கடல் தாண்டிப் போயும் அந்தப் புகை இவளை விடவில்லையே என்று நினைத்தாள். இதோடு பேச்சை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் ஆசை விடவில்லை.

"ஒங்கப்பா கலந்த மருந்து மேல போயி என்னவா விரியும்னு இன்னைக்கு வரைக்கும் நான் முழுசாப் பாத்ததில்ல தாயி. அந்த மனுசன் எதுக்குச் செத்தாருன்னு ஒருக்கா அண்ணாந்து பாத்துட்டு வந்துர்றேன். நீ ஜன்னலச் சாத்திட்டு வீட்டுக்குள்ள இரு. பாலத்துல நான் தனியா நின்னு பாத்துக்கிடுவேன்."

மறுமுனையில் செல்வி போனை வைத்துவிட்டாள்.

திங்கள் பேச்சில்லை, செவ்வாயும் இல்லை. தினமும் சாப்பிட்டியா என்று கேட்கிற பிள்ளை. மாடத்திக்குத் திரி செருகுகிற கை ரெண்டு தடவை தப்பியது, சங்கையா வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு வேட்டைப் பார்க்கப்போய்ப் பிள்ளையைக் காயப்படுத்திவிட்டோமே என்று தன்னையே வைதுகொண்டாள். ஸ்பையருக்கே போவோம், எனக்குக் கோயில்தான் பிடிக்கும் என்று சொல்லிவிடுவதாக முடிவு பண்ணினாள். எப்படிச் சொல்வது என்று வேனில் முணுமுணுத்தும் பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் கேட்டில் போனை வாங்கும்போதே செய்தி வந்து கிடந்தது. செல்வி புதுத் திட்டம் அனுப்பியிருந்தாள். வியாழன் அப்படியே இருந்தது, வெள்ளியும் அப்படியே. ஸ்பையர் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. சனிக்கிழமைக்கு நேரே மூணே வரி. மாடத்தி வேனில் ஏறாமல் நின்றபடியே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

ராத்திரி பத்தேகால். பழைய பாலம், ரெண்டு பேரும். அம்மா என் கையை விடாமப் பிடிச்சுக்கணும்.

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். மாடத்தி போனை யோகேஸ்வரியிடம் கொடுத்துவிட்டுத் தன் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். ரேகைக்குள்ளெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி ஏறியிருந்தது. கேட் ஓரத்துக் குழாயில் போய் ரெண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. ஈரக்கையோடேயே சங்கையாவிடம் திரும்பிப் போனாள்.

"அண்ணாச்சி, பத்து நாளு பத்தாது. பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே நின்னுக்கிடுறேன்" என்றாள்.