வெறும் வயிற்றில் கீழாநெல்லி

டம்ளரில் பச்சையாக எதைப் பார்த்தாலும் இன்றும் தள்ளி வைத்துவிடுவேன், அது புதினா ஷர்பத்தாக இருந்தாலும் சரி. தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் என் சாச்சாவுக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, இதயம் மாற்றிய நாட்களில் பிடித்த பயம் இது.

அவருடைய இதயம் ஓய்ந்துபோய், நாலு படி ஏறினாலே மூச்சு முட்டிய காலம். கிடைத்த இதயத்திலும் ஒரு வில்லங்கம்: கொடுத்தவருக்கு ஹெபடைடிஸ் சி கிருமி இருந்தது. கிருமி உங்களுக்கும் வரும், மாத்திரையில் போக்கிவிடலாம் என்றார் டாக்டர். புது இதயத்தை உடம்பு ஏற்காமல் தள்ளிவிடும் ஆபத்து யாருக்குமே உண்டு, இந்தக் கிருமியால் அது கூடுகிறதா என்று விடாமல் கவனிப்போம் என்றும் சொன்னார். சாச்சா சிரித்தார். "குடிவாரவன் பெட்டி படுக்கையோடதான வருவான். வரட்டும் சாப்."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் சாச்சி தன் வைத்தியத்தைத் தொடங்கினாள். ஹெபடைடிஸ் என்றால் ஈரல் நோய், ஈரல் நோய் என்றால் மஞ்சள்காமாலை, காமாலைக்குக் கீழாநெல்லி. தென்காசிப் பக்கத்துப் பெண்ணுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? மாட்டுங்கா மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வாங்கி, அரைத்து, மோரில் கலக்கித் தினமும் வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறாள். டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. அந்த மனுஷனும் மறுபேச்சில்லாமல் குடித்திருக்கிறார்!

ரத்தப் பரிசோதனையில் குட்டு உடைந்தது. இதயத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மருந்தின் அளவு தாறுமாறாக இருந்தது. வேறென்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் குடைந்ததில் சாச்சி உண்மையைச் சொல்லிவிட்டாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கழுத்து நரம்பு வழியாக இதயத்திலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை சாச்சி பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்தாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது?

இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். பின்னால் கிருமியும் போய்விட்டது. சாச்சா இப்போது பழையபடி பட்டறையில் நின்று எல்லோரையும் விரட்டுகிறார். அல்ஹம்துலில்லாஹ், வேறென்ன சொல்ல!

ஆனால் முடிவு வந்த அன்று, சந்தோஷப்பட வேண்டிய சாச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓவென்று அழுதாள்.

"இது ஒங்க நெஞ்சா? எவளோ பெத்த புள்ளைக்குள்ளதுல்லா. ஒருக்கா செத்த புள்ளைய நான் ரெண்டாந்தடவ கொல்லப் பாத்தேனே!"

வராந்தா முழுக்க ஆட்கள். சாச்சா யாரையும் பார்க்கவில்லை. அவள் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார்.

"சாவலட்டி. கேட்டுப் பாரு."