விஜி அன்ரியின் தபால் கந்தோர்ப் படம்

இந்த அந்தியேட்டி நினைவு மலரில் எழுத என்னைவிட உரிமையுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அன்ரியோடு ஒரே தொழிற்சாலையில் நின்றவர்கள், டென்மார்க் வந்த புதிதில் அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் எல்லோரும் இந்த ஸ்கீவ ஊரில் இருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திக்கொண்டு எழுதுவதற்கு மன்னியுங்கள். சபையில் எழும்பி நின்று கதைக்க எனக்கு வராது. எழுதினால்தான் கொஞ்சமாவது வரும். அதோடு இது அவசரம்.

ஓகூஸ் நகரில் வேலை முடிந்து ரெயினில் நின்றுகொண்டிருந்தபோது அம்மா போன் எடுத்தார். "பிள்ளை, இருக்கிறியோ, நிக்கிறியோ?" என்று கேட்டார். அம்மா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. "விஜி அன்ரி போயிட்டா." பராமரிப்பு இல்லத்துக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பிலேயே சரிந்துவிட்டாராம். ஆட்கள் ஓடிவந்தபோது மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி இன்னும் சூடாக இருந்ததாம். பிறகு அம்மா, "இனி அந்த மனிசனுக்கு ஆர் சோறு தீத்துறது?" என்றார்.

அந்த மனிசன் அன்ரியின் கணவர், தவம் அங்கிள். ஞாபகம் குறையத் தொடங்கியபோது முதலில் அவரை விட்டுப் போனது டெனிஷ் மொழி. அவர் இருக்கும் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் கதைப்பது அவருக்கு வெறும் சத்தம். பிள்ளைகளும் இல்லை. அதனால் அன்ரி ஒவ்வொரு மத்தியானமும் சோறும் பருப்பும் கொண்டுபோவார். எப்போதும் அதே ஒரு பழைய படத்தைப் போட்டுவிட்டு, அதில் வருகிற எல்லாருக்காகவும் தானே தமிழில் கதைப்பார். அங்கிள் சிரிக்க வாய் திறக்கும் நேரம் பார்த்து ஒரு கரண்டி உள்ளே போகும். அவர் சாப்பிட்டது அப்படித்தான். வேறு எந்த விதமாகவும் இல்லை.

படத்தின் உண்மையான பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தபால் கந்தோர்ப் படம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். முகாமின் பொது அறையில் எங்கள் சனம் முதன்முதல் அதைப் பார்த்தபோது, பேச்சு ஆங்கிலத்தில் இருந்தது, கீழே ஓடிய எழுத்து டெனிஷில் இருந்தது. இரண்டும் சரியாகப் பிடிபடாத சனத்துக்கு அன்ரிதான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கீழே டெனிஷ் ஓடியதால், அந்த அயர்லாந்துக் கிராமத்தை டென்மார்க் என்றே அறை முழுக்க நம்பிவிட்டது. பச்சை மலை, கல்லடுக்கிய வேலி, செம்மறிகள், மழை. தாங்கள் இனி இருக்கப்போகிற ஊர் அதுதான் என்று நினைத்தார்கள். ஸ்கீவயில் வீடு கிடைத்த அன்று அங்கிள் யன்னலைத் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "விஜி, மலை எங்க?" என்று கேட்டாராம்.

"மலைக்கு இன்னும் விசா கிடைக்கேல்லையாக்கும். பொறுங்கோ, வரும்" என்றாராம் அன்ரி.

எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். வாய் திறந்து கேட்கத் தெரியாத ஒரு மனிதனின் கதை அது. கிராமத்துக்குப் புதிதாக வந்த டொக்டருக்குத் தபால் கந்தோரில் முத்திரை விற்கும் பெண்ணின் மேல் விருப்பம். சொல்லப் பயந்து, ஒவ்வொரு நாளும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவான். பார்த்துப் பார்த்துப் பொறுமை கெட்ட ஊர்ச்சனம், தபால் கந்தோரைத் தாண்டித்தான் அவன் வரவேண்டும் என்பதற்காக, இல்லாத நோய் வருத்தமெல்லாம் சொல்லி அவனைக் கூப்பிடும். கோழிக்கூடுகளோடு போகும் பஸ்ஸை நடுவழியில் நிற்பாட்டி, எல்லோரும் இறங்கி அவன் முத்திரை வாங்குவதை வேடிக்கை பார்ப்பார்கள். "எங்கட சனம்தான் இது, ஒருத்தரையும் சும்மா இருக்க விடாதுகள்" என்பார் அன்ரி. கடைசியில் அவன் மழைக்குள் நிற்பான், அவள் கதவைத் திறப்பாள். அன்ரியின் தமிழில் அவள் சொல்வது: "நனையாமல் உள்ள வாங்கோ. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஆர் மருந்து தாறது?" டொக்டர் பதில் சொல்லுமுன் அங்கிள் கதிரையில் இருந்தபடியே, "நீர்தான்" என்பார். வருடக்கணக்காக, ஒவ்வொரு முறையும்.

பள்ளிக்கூடத்தில் டெனிஷ் வாசிக்கப் பழகிய புதிதில், எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்து படம் பார்த்தபோது, அந்தக் கடைசிக் காட்சியில், "அன்ரி, அவ அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன். கீழே ஓடிய எழுத்தின்படி அவள் கேட்டது, இன்றைக்கும் முத்திரைதானா என்று மட்டும். அறையில் இருந்தவர்கள் என்னையும் அன்ரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இத்தனை காலமும் தாங்கள் சிரித்ததும் கலங்கியதும் அன்ரியின் சொந்தக் கதைக்குத்தான் என்பது அப்போதுதான் வெளிச்சமானது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பிள்ளை, அங்க எழுதியிருக்கிறதை நீ வாசி. அங்க நடக்கிறதை நான் சொல்லுறன்." என் அப்பாதான் முதலில் சிரித்தார். "விடு விஜி, நீ சொல்லு. அவளின்ர டெனிஷ் படம் ருசியில்லை."

நான் உயர்பள்ளி முடித்த நாளையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அன்றைக்கு வெள்ளைத் தொப்பி போட்ட மாணவர்களை ஏற்றிக்கொண்டு லொறி ஒவ்வொரு வீடாகப் போகும், பெற்றோர் வாசலில் நின்று சாப்பாடு கொடுப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் அந்தத் தொப்பி போடவில்லை, அதனால் வீட்டில் ஒருவருக்கும் அந்த வழக்கம் தெரியாது. அம்மா அப்பாவிடம் வேலைக்கு லீவு போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீடு வெறுமையாக இருக்கும், லொறி நிற்காமல் போனால் நல்லது என்று குனிந்துகொண்டிருந்தேன். லொறி நின்றது. வாசலில் அன்ரி ஒரு பெரிய தட்டம் நிறைய ரோல்ஸோடு நின்றார், பக்கத்தில் கோட் போட்ட அங்கிள். வகுப்பு முழுவதும் உறைப்பில் தண்ணீர் தேடி ஓடியது. அன்ரி என் காதுக்குள், "கேட்டால் தராத சனமே நாங்கள்? அந்த டொக்டர் மாதிரி நீயும் முத்திரை வாங்கிக்கொண்டே திரியப்போறாய்" என்றார்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். அன்ரி போய்விட்டார் என்று அங்கிளுக்கு ஒருமுறை சொன்னோம். அழுதார். அடுத்த நாள் காலை, விஜி எங்கே என்று கேட்டார். மறுபடி சொன்னபோது, முதல்முறை கேட்கிறவர் போலவே அழுதார். அதற்குப் பிறகு சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. தான் இன்னும் முகாமில் இருப்பதாகவும், விஜி மலையடியில் வீடு பார்க்க முன்னுக்குப் போயிருப்பதாகவும் அவராகவே முடிவு செய்துகொண்டார். "அவ வரட்டும், சேர்ந்து சாப்பிடுவம்" என்று வாயை இறுக்கிக்கொள்கிறார். தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தெரிகிறது. இல்லத்துத் தாதி என்னைத் தனியே கூப்பிட்டு, இப்படியே போனால் அதிக காலம் தாங்காது என்றார்.

போன சனிக்கிழமை நானே சோறு கொண்டுபோய் படத்தைப் போட்டேன். அன்ரி மாதிரி எல்லோருக்குமாகக் கதைத்துப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசிக் காட்சியில் அந்த வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன், அவர் "நீர்தான்" என்பார் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பிள்ளை, நீ எழுதியிருக்கிறதை வாசிக்கிறாய். விஜி வந்து சொல்லட்டும்."

சோறு ஆறிப்போனது. பெட்டியை மூடிக்கொண்டு வந்தேன்.

அன்ரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது லொறி வந்த நாள் வாசலில் அவர் என் காதுக்குள் சொன்ன அந்த ஏச்சு. அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நேரமும் சுற்றிச்சுற்றி எழுதினேன். இனிக் கேட்கிறேன். அந்தப் படத்தை அன்ரியோடு இருந்து பார்த்தவர்களே, உங்களில் யாராவது மத்தியானத்தில் இல்லத்துக்கு வாருங்கள். தூரத்தில், ஒடென்சேயில் இருப்பவர்கள் ஒரு ஞாயிறாவது வாருங்கள். கொஞ்சம் சோறும் பருப்பும் கொண்டு வாருங்கள். படத்தைப் போடுங்கள். வசனம் ஞாபகமில்லாவிட்டால் பரவாயில்லை, வாயில் வருவதைச் சொல்லுங்கள், உரத்துச் சொல்லுங்கள். அங்கிள் சிரிக்க வேண்டும். சிரித்தால் வாய் திறப்பார். கரண்டியோடு நான் பக்கத்தில் இருப்பேன்.