இருபத்தாறு பில்களுக்கு ஒரே எண்

அன்று மலேசியாவின் சிகாமட் ஊரில், எங்கள் துணிக்கடையின் மேல்மாடியில் நான்கு பேர் இருந்தோம். ஊரே பாய் என்று அழைக்கும் முதலாளி, அவருடைய மருமகன், கோலாலம்பூரிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்த விற்பனையாளர், நான். இல்லாதவர் ஒருவர்தான்: பத்தொன்பது வருடமாகக் கல்லாவில் நின்ற அக்கா. யார் யாரைக் கூப்பிடுவது என்று எழுதியவன் நான். அவரை எழுதவில்லை.

வாடிக்கையாளர் எதை, எப்போது வாங்கினார் என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டு எடுத்தவருக்குத் தீபாவளிக்கு முன் பட்டு. சீருடை எடுத்தவருக்குப் பள்ளி திறக்கும் முன் சீருடை. அதுவரை அந்த வேலையை அக்காவின் தலை செய்துகொண்டிருந்தது.

மருமகன் எதையும் ஒளிக்கவில்லை. "சாப்ட்வேருக்கு மாசம் ஆயிரத்து அறுநூறு. அக்கா சம்பளம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். ரெண்டையும் ஏன் மாமா சுமக்கணும்? கல்லாவுல நிக்க ஒரு பார்ட் டைம் பிள்ளை போதும் லா."

பாய் மறுக்கவில்லை. அறையிலிருந்த எல்லோருக்கும் அங்கே எதை முடிவு செய்கிறோம் என்று தெரியும்.

நான் சாஆ ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பையன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் டிப்ளமா வரை வந்த முதல் ஆள். கணினி வேலைக்கு இங்கே சேர்ந்த வாரம், கடைப் பிள்ளைகள் எல்லோரும் நிற்கும்போது அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட, சாஆ தம்பியா! ஒங்கம்மா சட்டை எடுத்தா எப்பவும் ரெண்டு சைஸ் பெருசால்ல எடுப்பாங்க. ஒண்ணையே மூணு வருசம் ஓட்டணுமே!" எல்லோரும் சிரித்தார்கள். அவர் பிரியமாகத்தான் சொன்னார். அன்றிரவு நான் எழுத ஆரம்பித்த அறிக்கையின் முதல் வரி: 'இந்தக் கடை ஒருவரின் ஞாபகத்தை நம்பி நடக்கிறது. இது ஆபத்து.'

மூன்று மென்பொருள்களைப் பார்த்தேன். சிங்கப்பூர்க்காரர்களுடையதைப் பாய் விலையைக் கேட்டதுமே தள்ளிவிட்டார். "சிங்கப்பூர் காசுலயா? அலாமாக், மூடு மூடு." இரண்டாவது, தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. மூன்றாவதுதான் கோலாலம்பூர்க்காரர் கொண்டுவந்தது. இரண்டு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு பில்லிலும் கைபேசி எண் இருக்க வேண்டும். எண்ணுக்குப் புள்ளிகள் சேரும். நூறு புள்ளிக்கு ஒரு ரிங்கிட் கழிவு.

நான் அதை உத்தரவாக எழுதிக் கல்லாவில் ஒட்டியபோது அக்கா படித்துவிட்டுச் சொன்னார்: "சில பில்லுக்கு நம்பர் கேக்க முடியாது தம்பி."

"எல்லா பில்லுக்கும் வேணும்க்கா."

"வாய் வராதுப்பா."

"வரலன்னா ஒரு பில்லுக்கு அஞ்சு வெள்ளி சம்பளத்துல பிடிப்பாங்க. மருமகன் சொல்லிட்டாரு." அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லும்படி பிறகு நான் செய்தேன்.

சாவு வீட்டுக்குக் கோடித்துணி எடுக்க வருபவரிடம் எங்கள் கடையில் பெயர் கேட்பதில்லை. நன்றி சொல்வதில்லை. 'போயிட்டு வாங்க' என்று வழியனுப்புவதில்லை. கடைப் பெயர் போட்ட பையும் தருவதில்லை. துணியைப் பழைய தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அவர் படியிறங்கும்வரை வேறு பக்கம் பார்க்க வேண்டும். அக்காதான் அதை எல்லோருக்கும் பழக்கியிருந்தார். எனக்கும் தெரியும். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அது தெரியாமலா இருக்கும்?

இரண்டு மாத முடிவில் வந்த அறிக்கையைத்தான் அன்று மேல்மாடியில் திரையில் போட்டோம். 'மிக விசுவாசமான வாடிக்கையாளர்' என்ற தலைப்பின் கீழ் ஒரு எண். இருபத்தாறு பில்கள்.

மருமகன் தன் கைபேசியை எடுத்து அந்த எண்ணைத் தட்டினார். பெயர் வந்தது. "மாமா, இது நம்ம கல்லா அக்கா நம்பரு!"

விற்பனையாளர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "பாத்தீங்களா பாஸ்? விக்கிறதுக்கு மட்டுமில்ல, இது திருட்டையும் பிடிக்கும். கஸ்டமர் பாயிண்ட்டைத் தன் நம்பர்ல ஏத்தறது எல்லாக் கடையிலயும் இருக்கு."

அந்த இருபத்தாறு பில்களையும் முந்தின நாளே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருந்தேன். வெள்ளைத்துணி, கோடிப் புடவை, கோடி வேட்டி. வேறு எதுவும் இல்லை. துக்கத்தில் நிற்பவரிடம் எண் கேட்க வாய் வராமல் தன் எண்ணைத் தட்டியிருக்கிறார். சேர்ந்திருந்த நாற்பத்தொரு ரிங்கிட் அறுபது காசில் ஒரு காசுகூட எடுக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார்கள். படியேறிய மூச்சிரைப்போடு வந்து நின்றார். யாரும் நாற்காலி காட்டவில்லை.

"நம்பர் ஒங்களதா, இல்லையா?" என்றார் மருமகன்.

"எந்நம்பர்தான். பாயிண்ட்டுக்குப் போடல பாய். அதுல என்ன துணின்னு பாருங்க."

பாய் என் பக்கம் திரும்பினார். "என்ன துணிடா தம்பி? நீ படிச்சவன். பாத்துச் சொல்லு."

மடிக்கணினி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு சொடுக்குப் போதும்.

"எல்லாம் கலந்து இருக்கு பாய்" என்றேன்.

அக்கா என்னைத்தான் பார்த்தார். அழவில்லை. "ஒங்கம்மா எடுத்துக் குடுத்த சட்டை இன்னும் ஒனக்கு லூசாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, கல்லாச் சாவியை மேசைமேல் வைத்தார். படியிறங்கும் சத்தம் கேட்டு முடிந்தது. பிறகு விற்பனையாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஒப்பந்தம் இரண்டு வருடம். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: செய்தி போகக் கூடாத பொருள்கள் ஏதேனும் உண்டா?

"துணிக்கடையில என்ன ரகசியம்? ஜட்டியை மட்டும் விட்டுருங்க" என்றார் மருமகன். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினேன்.

கல்லாவுக்குப் புதிதாக வந்த பெண் உத்தரவுப்படி எல்லோரிடமும் எண் கேட்டாள். கோடித்துணி எடுக்க வந்தவர்களிடமும் கேட்டாள்; அவர்களும் ஏதோ நினைவில் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வாரம் சாஆ தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். மழித்த தலையில் முடி இன்னும் வளரவில்லை. கைபேசியைக் கல்லாமேல் வைத்தார். நான் எழுதிக் கொடுத்த தமிழ்தான் திரையில் இருந்தது: 'சென்ற முறை எடுத்த புடவை பிடித்ததா? அதேபோல் இன்னொன்று எடுக்க இன்றே வாருங்கள்!'

"எம் மகளுக்கு எடுத்தது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "இன்னொண்ணு எடுக்கச் சொல்லுது ஒங்க கடை. வீட்டுல நானும் எம் பொஞ்சாதியும்தான் இருக்கோம். யாருக்கு எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

பாய் கல்லாவை விட்டு வெளியே வந்து அவர் கைகளைப் பிடித்தார். அவர் விடுவித்துக்கொண்டு போனார். அந்தத் தோட்டத்து ஆட்கள் அதன் பிறகு எங்கள் படி ஏறவில்லை.

அன்று மாலை பாய் பழைய பில்களைத் திறக்கச் சொல்லித் தானே பார்த்தார். இருபத்தாறையும் பார்த்தார். "கலந்து இருக்குன்னு சொன்னியே" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அக்காவைத் திரும்ப அழைத்துவர மருமகனை அவர் வீட்டுக்கு அனுப்பினார். 'திருடின்னு பேரெடுத்தவ நின்னா கல்லாவுக்கு அழகில்ல' என்று வாசலிலேயே பதில் வந்தது. அக்கா இப்போது ஒரு பேரங்காடியில் காய்கறி நிறுக்கிறார்.

மென்பொருளை நிறுத்தப் பார்த்தோம். நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் இரண்டு வருடத் தொகையைக் கட்டியாக வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. கட்டும் காசு வீணாகாமல் அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார் பாய். தினமும் அதே மேல்மாடியில், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். இரண்டு வருடத்துக்கு மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரிங்கிட்.