தேக்குப் படியில் சுண்ணாம்பு

ரப்பர் விலை விழுந்ததும் மலாயாவில் கூலாய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் பேரை வெட்டிவிட்டார்கள். ஜொகூர் பாருவில் ஒரு ஜவுளி முதலாளியின் பழைய கட்டடத்தில் மொட்டை மாடி ஒழுகுகிறது, தளம் தட்டப் பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுக் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தோம்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்ட வேண்டும். கட்டை எகிறும் அளவுக்குத் தளம் இறுகினால்தான் மழை இறங்காது. ஈரத்தில் பாதியில் விட்டால் போட்டதெல்லாம் பாழ்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி. அதை இறக்கி வைக்கத் தோதான வேலைதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் தட்டத் தட்டக் கோபம் ஏறியது. உள்ளே அகலமான தேக்குப் படி, கடையிலிருந்து மொட்டை மாடி வரை பளபளவென்று இருக்கும். நாங்கள் அதில் கால் வைக்கக் கூடாது. வெளிச்சுவரில் கட்டிய மூங்கில் சாரத்தில்தான் ஏறி இறங்க வேண்டும். எங்களை மேய்த்த மண்டோர் மட்டும் படியில் வருவான், மாப்பிள்ளை மாதிரி.

என் பக்கத்தில் தட்டியவள் பிள்ளைத்தாய்ச்சி. வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. கடைசி நாள் மத்தியானம் சோறு தின்றுவிட்டு ஏறும்போது ஈர மூங்கிலில் அவள் கால் வழுக்கியது. ஒரு கையில் தொங்கினாள். மேலே இருந்த நான் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தளத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

கடைசிப் பகுதி அப்போதுதான் பரப்பி ஈரமாகக் கிடந்தது. கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. நான் கட்டையைக் கீழே வைத்தேன். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். சத்தம் நின்றதும் மண்டோர் ஓடி வந்தான். பின்னாலேயே முதலாளி மூச்சு வாங்க வந்தார்.

“மழை வருது, தட்டுங்க!” என்று மண்டோர் கத்தினான்.

“இனி சாரத்துல இறங்க மாட்டோம். படியில விட்டா தட்டுறோம்” என்றேன்.

“படி நாசமாயிடும். வேணும்னா அந்தப் புள்ளத்தாச்சி மட்டும் இறங்கட்டும்” என்றார் முதலாளி.

“எல்லாரும் இறங்குவோம், மொதலாளி. எங்க கை பட்ட தளம் வேணும், கால் பட்ட படி ஆகாதா?”

அவர் வானத்தைப் பார்த்தார். கீழே அவருடைய பட்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. “சரி, தட்டித் தொலைங்க” என்றார்.

அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படித் தட்டியதில்லை. இன்று நினைத்தாலும் கை பரபரக்கிறது. கட்டை எகிற ஆரம்பித்ததும் சாக்கு விரித்து மூடினோம். அதற்குள் தூறல் விழுந்துவிட்டது.

படி முகப்பில் மண்டோர் வாளியோடு நின்றான். “காலையாவது கழுவிட்டு இறங்குங்க.” யாரும் கழுவவில்லை. “இனிமே இந்த டவுன்ல ஒனக்கு வேல கெடையாது” என்று என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். அது தெரிந்துதான் கட்டையைக் கீழே வைத்திருந்தேன்.

பிள்ளைத்தாய்ச்சியை முன்னால் விட்டேன். அவள் வைத்த ஒவ்வொரு அடியும் தேக்கில் வெள்ளையாகப் பதிந்தது. துணி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள்.

“அக்கா, இந்தக் கைப்பிடியத் தொடலாமா?”

“நல்லா அழுத்திப் புடி. விழாம இருக்கத்தான் அத வச்சிருக்காங்க.”