வெள்ளகோவிலில் கை நனைக்காத பகல்

காலை ஆறு மணிக்குக் கோவையில் பஸ் ஏறினேன். வெள்ளகோவில் ஐம்பத்தைந்து மைல். டிக்கெட் இரண்டு ரூபாய் ஐம்பது நயா பைசா. பீளமேட்டில் எங்கள் மில்லைப் பூட்டி நாற்பது நாளாகிறது. தொழிலாளர் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அண்டாவில்தான் கஞ்சி. நாளைக்குப் போடத் தானியம் இல்லை. வெள்ளகோவிலில் என் தாய்மாமன் களத்துத் தானியக் குழியில் சோளம் கிடப்பது எனக்குத் தெரியும்.

பல்லடம் தாண்டியதும் இருபுறமும் காய்ந்த சோளக் காடு. என் மடியிலிருந்த வெறும் சாக்கைக் கண்டக்டர் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த வறட்சியில கல்லு அள்ளவா போறீங்க?"

பத்தரைக்கு இறங்கி, இரண்டு மைல் நடந்தேன். மாமன் வாசலுக்கே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"குழியில இருக்குதுங்க மாப்ளே. வெலை ஏறட்டும்னு வெச்சிருக்கறேன். உங்க ஊட்டுக்குன்னா ரெண்டு வள்ளம் அளந்து கொண்டுபோங்க. ஊருக்கெல்லாம் நான் கஞ்சி ஊத்த முடியுங்களா?"

"வாங்குனா அண்டாவுலதானுங்க கொட்டுவேன்."

"அப்ப அதுவும் இல்லீங்க."

பன்னிரண்டு மணிக்கு அத்தை இலை போட்டார். நான் உட்காரவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி கை நனைக்காமல் வீட்டுக்காரர் சாப்பிட மாட்டார். அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம குடும்பத்துல மொத மொதப் பள்ளிக்கூடம் போனவரு நீங்க. படிச்சது இதுதானுங்களா?" என்றார் மாமன்.

"இதுவுந்தானுங்க."

இரண்டு மணி. மூன்று மணி. மாமன் கட்டுத்தறிக்கும் வாசலுக்குமாக நடந்தார். நான்கு மணிக்கு அத்தையின் குரல் கேட்டது.

"ஏனுங்க, மாட்டுக்கு ஊறவெச்ச பருத்திக்கொட்டையை எதுக்கு அப்பிடிப் பாக்கறீங்க?"

"நீயாச்சும் அவருக்குச் சொல்லு அம்மணி!"

"என்னத்தச் சொல்றது? நாம ஒரு வேளைக்கே இந்தப் பாடு. அங்க நாப்பது நாளுங்க."

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். ஆளைக் கூப்பிட்டுக் குழிக் கல்லைப் புரட்டச் சொன்னார். திறந்தவுடன் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. உள்ளே காற்று கெட்டிருக்கும். அது வெளியேறும் வரை காத்திருந்த நேரத்தில்தான் நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். பிறகு ஆள் இறங்கிச் சோளத்தை அள்ளிக் கொடுத்தான்.

மாமன் வண்டியில் வந்த என் சாக்கும் அவர் கொடுத்த இரண்டு சாக்குகளும் சாயங்காலப் பஸ்ஸின் கூரையில் ஏறின. இங்கே குழி நிறையச் சோளம், அங்கே வெறும் அண்டா. நடுவே தினமும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மாமன் ஜன்னலருகே வந்தார். "இது எத்தனை நாளைக்குங்க மாப்ளே?"

"ஒரு வாரத்துக்குங்க."

"அப்பறம்?"

"மில்லுத் தொறக்கலீன்னா மறுக்கா வாரனுங்க மாமா. அத்தைகிட்ட இலை போட வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."